மான் கொம்பு பேனா: அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? நம்ம ஊரில் செய்தால் என்ன ஆகும்?

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மான் கொம்புத் துண்டை லேத்தில் மாட்டுகிறார். வெள்ளைத் தூள் பறக்கிறது. உப்புத்தாள், பசை, மெழுகு என்று ஒவ்வொன்றாக மாறுகிறது. நாற்பது விநாடி முடியும்போது கையில் தந்தம் மாதிரி மின்னும் ஒரு பேனா. ‘இதை நாமளே செய்யலாமே’ என்று தோன்றாமல் இருக்காது.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் குத்தம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த ஆசை வந்தால் ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய சொல்லே இல்லை. மேசை மேல் வைக்கும் சின்ன லேத், பேனா உதிரி பாகங்கள் எல்லாமே ஆன்லைனில் கிடைக்கின்றன. கொம்பு ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றில்தான் சிக்கல். அமெரிக்காவில் வார இறுதிப் பொழுதுபோக்காக இருப்பது, இந்தியாவில் வன உயிரினக் குற்றம். அதே சமயம், அந்த வீடியோவில் நம்மைக் கவர்ந்த கைவேலை குத்தம்பாக்கம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், வேறு ஒரு பொருளில், பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில், ‘கொம்பு’ என்றால் எது?

தமிழில் எல்லாவற்றையும் ‘கொம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு வேறு வேறு பொருள்கள்.

மாடு, எருமை, ஆடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பு உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அந்த உறை. இந்தக் கொம்பு ஆயுள் முழுக்க வளரும், உதிராது.

புள்ளிமான், கடமான் போன்றவற்றின் கிளைத்த கொம்பு அப்படியல்ல. அது முழுக்க முழுக்க எலும்பு. இந்த மான்களில் ஆணுக்கு மட்டுமே வளரும். வளரும் காலத்தில் மேலே வெல்வெட் போன்ற தோல் போர்த்தியிருக்கும். பிறகு தோல் உரிந்து, எலும்பு இறுகி, கடைசியில் கொம்பே கழன்று விழுந்துவிடும். மீண்டும் புதிது முளைக்கும். கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐஐடி வளாகத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு: உதிர்க்கும் புள்ளிமான், உதிர்க்காத வெளிமான்.

பேனா செய்பவர்கள் தேடுவது உதிரும் வகையை. காரணம் அதன் அமைப்பு. வெளிச்சுற்று கெட்டியான எலும்பு. நடுவில் பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்த எலும்பு. மேல்பரப்பில் பழுப்பும் சாம்பலுமாக மேடு பள்ளங்கள். கடையும்போது எவ்வளவு ஆழம் போகிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் வடிவமும் மாறும். ஒன்றைப் போல் இன்னொன்று வராது. அதுதான் கவர்ச்சி.

கொம்பு எப்படிப் பேனா ஆகிறது?

வெளிநாடுகளில் நடக்கும் முறை இது. கொம்பை நேரான பகுதியாகப் பார்த்து அறுப்பார்கள். நடுவில் துளை போட்டு அதில் பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருகுவார்கள். குழாய்க்கு முன்கூட்டியே வெள்ளை அல்லது பழுப்பு பெயின்ட் அடித்துவிடுவது வழக்கம். இல்லையென்றால் கொம்பு மெலிந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரியும்.

பிறகு லேத்தில் மாட்டிக் கடைவார்கள். கொம்பு வளைந்திருக்கும் என்பதால் ஆரம்பத்தில் தடதடவென்று அதிரும். அவசரப்பட்டு உளியை அழுத்தினால் துண்டு பெயர்ந்துவிடும். எரிந்த முடி வாசனை மாதிரி ஒரு நாற்றமும் வரும். தூள் மிக நைஸானது, நுரையீரலுக்கு ஆகாது. நல்ல மாஸ்க்கும் காற்றோட்டமும் கட்டாயம்.

பளபளப்பின் ரகசியம் என்ன?

பலரும் நினைப்பது போல, பளபளப்பு என்பது கடைசியில் பூசும் மெழுகில் இல்லை. கீறலில் இருக்கிறது.

ஒரு பரப்பு மின்னாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய கீறல்கள். அவை ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. பாலிஷ் என்பது அந்தப் பெரிய கீறல்களை அழித்து, அவற்றின் இடத்தில் சின்னக் கீறல்களைப் போடும் வேலை. பிறகு அதைவிடச் சின்னது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கீறல் சிறுத்துவிட்டால் ஒளி நேராகத் திரும்புகிறது. அதைத்தான் ‘மின்னுது’ என்கிறோம்.

அதனால்தான் உப்புத்தாள் வரிசையாக மாறுகிறது. 180ல் தொடங்கி 220, 320, 400, 600 என்று ஏறும். எண் கூடக் கூட தாளின் பொடி நைஸாகும். அதற்கு மேல் மைக்ரோ மெஷ் எனப்படும் மெத்தைத் தாள்கள். 1500ல் தொடங்கி 12000 வரை ஒன்பது படிகள். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், முந்தைய படியின் கீறலை அடுத்த தாளால் அழிக்க முடியாது. எவ்வளவு மெழுகு போட்டாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம்: லேத் சுற்றும்போது தேய்த்தால் கீறல் வளையம் வளையமாக விழும். எனவே ஒவ்வொரு தாள் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் நீளவாக்கில் நாலு இழுப்பு இழுக்க வேண்டும். பிறகு தூளைத் துடைத்துவிட்டு அடுத்த தாள். பழைய தாளின் ஒரு பெரிய பொடி ஒட்டிக்கொண்டிருந்தாலும் புதுக் கீறல் போட்டுவிடும்.

கொம்புக்கு மட்டும் ஏன் சூப்பர் குளூ?

இங்கேதான் மரத்துக்கும் கொம்புக்கும் வித்தியாசம். கொம்பு எலும்பு, அதில் துளைகள் உண்டு. அப்படியே தேய்த்தால் தேய்க்கும் தூளும், உலோக வளையங்களில் இருந்து உதிரும் கறுப்புப் பொடியும் அந்தத் துளைகளில் போய் அடைந்துகொள்ளும். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம். வெள்ளைக் கொம்பில் அழுக்குப் புள்ளிகள் நிரந்தரமாகிவிடும்.

எனவே முதலில் துளைகளை அடைக்கிறார்கள். தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூவை, அதாவது நம் வீட்டு ஃபெவிக்விக் வகைப் பசையை, சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைப்பார்கள். அது காய்ந்து இறுகிய பிறகுதான் நைஸ் தாள் வேலை. அதற்கு மேல் கொஞ்சம் கெட்டியான அதே பசையை ஐந்தாறு பூச்சாகப் பூசி, மீண்டும் மைக்ரோ மெஷ்ஷால் தேய்த்தால் கண்ணாடி போன்ற மேல்தோல் கிடைக்கும். ரீல்ஸில் மின்னுவது பெரும்பாலும் கொம்பு அல்ல; அதன் மேல் இருக்கும் இந்தப் பசைத் தோல்தான்.

இந்தப் பசையில் ஓர் எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும். பருத்தித் துணியில் நிறைய ஊற்றிவிட்டால் வேதிவினையில் திடீரென்று சூடேறிப் புகையும், கை சுட்டுவிடும். பூசுவதற்கு டிஷ்யூ பேப்பரில் கொஞ்சமாக எடுப்பதுதான் பழக்கம். அதன் ஆவி கண்ணையும் எரிக்கும்.

இந்த வேலை எதுவும் ராக்கெட் அறிவியல் இல்லை. பொறுமை இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் நம்ம ஊரில் என்ன தடை?

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதில் பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடற்பகுதிகள் பற்றிய விளக்கத்தில் மான் கொம்பும் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. அதை வைத்துச் செய்த பொருளும் ‘விலங்குப் பொருள்’ கணக்கில் வரும். காட்டு விலங்கும் அதன் உடற்பகுதியும் அரசின் சொத்து. அப்படி ஒன்று எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும்.

“மானைக் கொல்லலையே, தானா விழுந்ததைத்தானே எடுத்தேன்?” எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மயில் தோகைக்குச் சட்டம் தனியாக விலக்கு கொடுத்திருக்கிறது. மான் கொம்புக்கு அப்படி விலக்கு இல்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரு கொம்பு தானாக உதிர்ந்ததா, சுட்டுக் கொன்ற மானின் தலையில் இருந்து அறுத்ததா என்பதை, பேனாவாகக் கடைந்த பிறகு பார்த்துச் சொல்ல முடியாது. உதிர்ந்ததற்கு அனுமதி கொடுத்தால் வேட்டையாடியதும் அதே வழியில் வெளியே வந்துவிடும். ஒரு காலத்தில் இந்தியக் கடமான் கொம்பு கத்திப்பிடிகளுக்காக வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதிக்கும் கதவு சாத்தப்பட்டது.

காட்டுக்கும் அந்தக் கொம்பு தேவை. கீழே விழுந்த கொம்பை முள்ளம்பன்றி போன்ற விலங்குகள் கொறிக்கும். அவற்றுக்கு அது கால்சியமும் பாஸ்பரஸும். நமக்குக் குப்பையாகத் தெரிவது அங்கே சாப்பாடு.

மாட்டினால் என்ன தண்டனை?

2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான் போல முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பொதுவாக ஒருவர் குற்றவாளி என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டத்தில், வைத்திருந்தது உறுதியானால், அது சட்டப்படிதான் வந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில் விழும். ‘ஆன்லைன்ல வாங்கினேன், விற்றவர் ஒரிஜினல்னு சொன்னார்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனையும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பியின் லாகோன்ஸ் ஆய்வகம் வன உயிரின வழக்குகளுக்காக இந்தச் சோதனையைச் செய்கிறது.

தாத்தா வீட்டில் ஒரு கொம்பு மாட்டியிருக்கிறதே?

பழைய வீடுகளில் இது உண்மையிலேயே இருக்கும். கூடத்துச் சுவரில் ஒரு ஜோடிக் கொம்பு. அதில் சட்டை, குடை தொங்கும்.

இப்படி வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட 2003இல் மத்திய அரசு ஒரு வாய்ப்பு கொடுத்தது. 180 நாட்களுக்குள் வனத்துறையிடம் அறிவிக்கச் சொன்னார்கள். அப்போது அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அரசிடம் ஒப்படைக்கலாம். அதற்கு இழப்பீடு கிடையாது.

சான்றிதழ் இல்லையா? அதை அறுத்துப் பேனா செய்து ‘பழசைப் புதுசாக்கினேன்’ என்று ரீல்ஸ் போடுவது, தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயாரிப்பது. மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்து முறைப்படி முடித்துக்கொள்வதே நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் ‘அமெரிக்க மான் கொம்புப் பேனா வாங்கிட்டு வாங்க’ என்று சொல்வதற்கு முன்பும் யோசிக்க வேண்டும். அது அங்கே சட்டப்படி விற்றதாகவே இருக்கலாம். விலங்குப் பொருளை இங்கே கொண்டுவர இறக்குமதி விதிகள் தனியாக இருக்கின்றன. விமான நிலையத்தில் அது எந்த மான் என்று புரியவைக்கும் வேலை கொண்டுவந்தவருக்குத்தான்.

அதே கைவேலை, திருவள்ளூரில்

இனி நல்ல செய்தி. குத்தம்பாக்கத்தில் இருந்து வண்டியில் போய்வரும் தூரத்தில்தான் திருவள்ளூர். எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ‘ரங்கா’ பேனாக்கள் உருவாகும் ஊர் அது. கையால் கடைந்த இந்த மை பேனாக்களுக்கு உலகம் முழுக்கப் பேனா பிரியர்கள் வாடிக்கையாளர்கள். ஆந்திராவில் ராஜமுந்திரியின் ‘ரத்னம்’ பேனாக்கள் காந்தி காலத்துச் சுதேசி வரலாறு கொண்டவை என்றால், தமிழ்நாட்டில் கைப்பேனா என்றதும் திருவள்ளூர் நினைவுக்கு வரும்.

இங்கே முக்கியப் பொருள் எபோனைட். இயற்கை ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து, நீண்ட நேரம் வேகவைத்தால் ரப்பர் வளையும் தன்மையை இழந்து கல் மாதிரி கெட்டியாகும். ரப்பரில் கந்தகம் சேர்த்து இறுக வைக்கலாம் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அதைக் கெட்டி ரப்பராக்கும் முறைக்கு அவர் தம்பி நெல்சன் 1851இல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் வருவதற்கு முன் உலகின் பெரும்பாலான மை பேனாக்கள் இதில்தான் செய்யப்பட்டன.

எபோனைட் கம்பியைத் துண்டு போட்டு, துளையிட்டு, கடைந்து, மரை வெட்டி, பிறகு பாலிஷ். உப்புத்தாள் படிகள் கொம்புக்குச் சொன்ன அதே கதைதான். ஆனால் இரண்டு பெரிய வித்தியாசம்.

ஒன்று, எபோனைட்டில் துளை இல்லை. எனவே தண்ணீர் விட்டே தேய்க்கலாம். தேய்ப்பதும் குளிர்ச்சியாக இருக்கும், தூளும் பறக்காது. இரண்டு, மேலே எந்தப் பூச்சும் தேவையில்லை. நைஸ் தாளுக்குப் பிறகு பஃபிங் சக்கரத்தில் பாலிஷ் கட்டி தடவிப் பிடித்தால், பொருளே மின்னும். கொம்பில் மின்னியது பசைத் தோல். இங்கே மின்னுவது பேனாவின் சொந்த உடம்பு. அதனால்தான் எபோனைட் பேனாவைக் கையில் பிடித்தால் வழுக்காமல், கொஞ்சம் கதகதப்பாக ஒட்டும்.

பஃபிங் சக்கரம் சுலபமாகத் தெரியும். கெடுப்பதும் அங்கேதான் அதிகம். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் ரப்பர் சூடேறி கந்தக வாடை வரும். கூர்மையாக இருக்க வேண்டிய மூடியின் விளிம்பு மழுங்கிவிடும். மரைக்குள் பாலிஷ் கட்டி புகுந்தால் கழுவி எடுப்பது தனி வேலை. மையை உடம்புக்குள்ளேயே நிரப்பும் பேனாக்களில் அந்த மரை சரியாக உட்கார்ந்தால்தான் சட்டைப் பையில் மை ஒழுகாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை சொல்ல வேண்டும், கருவி சொல்லாது.

மின்னுவது பிடிக்காதவர்களுக்கு மேட் ஃபினிஷும் உண்டு. நைஸ் தாள் படிகளில் பாதியிலேயே நிறுத்தி, கீறல்களை ஒரே திசையில் சீராக விட்டுவிடுவது அது. ‘பாலிஷ் பண்ணாமல் விட்டது’ அல்ல. அதற்கும் அதே கவனம் வேண்டும். ஒரு கீறல் திசை மாறினாலும் தெரிந்துவிடும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

கொம்பின் தோற்றம்தான் வேண்டும் என்றால் சட்டச் சிக்கல் இல்லாத வழி இருக்கிறது. இறைச்சிக்கூடங்களில் மிஞ்சும் எருமைக் கொம்பு, எலும்பு ஆகியவற்றில் கைவினை செய்யும் ஊர்கள் இந்தியாவில் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் அதில் பெயர் பெற்றது. கொழுப்பு நீக்கிய மாட்டெலும்பு மான் கொம்புக்கு மிக நெருக்கமான தோற்றம் தரும். அதற்கும் முதலில் துளை அடைத்து, பிறகு தேய்க்கும் அதே முறைதான். எருமைக் கொம்பு கெரட்டின் என்பதால் பசையே இல்லாமல் கறுப்பாக மின்னும். வாங்கும்போது பொருளின் பெயர் போட்ட பில் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

முதல் பேனாவுக்கு இவை எதுவும் வேண்டாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டு போதும். உப்புத்தாளை வரிசை மாறாமல் போட்டுப் பழகுவதுதான் முதல் பாடம். அது கைவந்தால் பொருள் எதுவானாலும் மின்னும்.

ஏற்கெனவே எபோனைட் பேனா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜன்னல் வெயிலில் வைத்தாலோ வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலோ கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பேறும். அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேல்பரப்பு மட்டும்தான் மங்கியிருக்கும். நைஸ் தாளில் தேய்த்து மறுபடி பாலிஷ் செய்தால் உள்ளே இருக்கும் கறுப்பு திரும்ப வந்துவிடும்.

ஐஐடி வளாகத்திலோ மலைப்பாதையிலோ நடக்கும்போது ஒரு மான் கொம்பு கண்ணில் பட்டால்? போட்டோ எடுக்கலாம். கையில் எடுக்க வேண்டாம். பைக்குள் போட வேவே வேண்டாம்.